ஜசிந்தாவுக்குப் புரியவில்லை

“இன்னொரு தடவை காட்டுவீங்களா? கொஞ்சம் மெதுவா?”

ஜசிந்தா ஜெர்மனில் இப்படிக் கேட்டதும் பின்னல் வகுப்பிலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது மூன்றாவது தடவை.

டீச்சர் லிண்ட்னர் அம்மாள் சலித்துக்கொள்ளவே இல்லை. எழுந்து வந்து, ஊசிகளைப் பிடித்து, ஒவ்வொரு கண்ணியாக மறுபடியும் போட்டுக் காட்டினார்.

பக்கத்து நாற்காலியில் வத்சலா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஜசிந்தா பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில், இதே எர்லாங்கன் நகரில்; ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் இந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு சாக்ஸ் பின்ன வரவில்லையே!

வத்சலா மதுரையிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வயிற்றில் ஆறு மாதம். குழந்தை ஜனவரிக் குளிரில் பிறக்கும். கூட இருக்க வேண்டிய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. கடையில் சாக்ஸுக்குப் பஞ்சமா என்ன? ஆனாலும் பிள்ளையின் காலுக்குச் சூடாக ஒன்றைத் தன் கையால் போட்டுவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அதற்காகத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு.

முதல் நாளே ஜசிந்தா, “அக்கா, டீச்சர் சொல்லுறதை நான் தமிழில சொல்லட்டோ?” என்று கேட்டாள்.

“பரவாயில்ல, ஐ கேன் மேனேஜ்” என்று வத்சலா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஜெர்மன் ஆயிற்றே! டீச்சர் பேசியதில் பாதிக்கு மேல் புரியவில்லை என்பது வேறு விஷயம். எப்படியோ, அந்த மக்குப் பெண்ணுக்காக டீச்சர் திரும்பத் திரும்பக் காட்டியதில் வத்சலாவின் பாடும் ஓடியது.

“அந்தப் பொண்ணு மண்டைல களிமண்தாங்க” என்று கணவன் ராகவிடம் சொல்லிச் சிரிப்பாள். “அவளுக்கு நான் எவ்வளவோ தேவலை.”

ஏழாவது வாரம் குதிகால் வந்தது.

அதுவரை நேராகக் குழாய் மாதிரி இறங்கிய பின்னல், டீச்சர் காட்டியபடி இப்படி நாலு கண்ணி, அப்படி நாலு கண்ணி என்று திருப்பிப் போட்டதும், தானாகக் குழிந்து நின்றது. கத்தரி இல்லை, தையல் இல்லை, ஒரே நூல். அதற்குள் ஒரு குட்டிக் குதிகால் வந்து உட்கார இடம்! வத்சலா கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். கதகதவென்றிருந்தது. எந்த மகராசி இதை முதன்முதலில் கண்டுபிடித்தாளோ, அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“அக்கா, என்ன வடிவா வந்திருக்கு!” என்றாள் ஜசிந்தா. “எனக்கு ஏலாது போல.”

தன் ஊசியிலிருந்த சிக்கலை முழுதாக உருவி, மறுபடியும் நூல் உருண்டையாகச் சுற்றிக்கொண்டாள்.

கடைசி வகுப்புக்கு ஜசிந்தா வரவில்லை. பாவம், ஒரு சாக்ஸ்கூட முடிக்கவில்லை. வத்சலாவின் கையில் இரண்டும் தயார். நடுவிரல் நீளம்தான் இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே நம்ப முடியவில்லை.

“அடுத்து ஸ்வெட்டர் கத்துக்கணும். அந்த வகுப்பு யார் எடுக்கறாங்க?” என்று டீச்சரிடம் கேட்டாள்.

“ஜசிந்தா.”

“எந்த ஜசிந்தா?”

“உங்க பக்கத்துல உட்கார்ந்தாளே, அவதான். ஆறு வருஷமா சனிக்கிழமை வகுப்பு அவளோடது.”

வத்சலாவுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. “அப்போ இந்த வகுப்புக்கு எதுக்கு வந்தா?”

“முதல் நாள் எனக்கு நூல் கொண்டுவந்து கொடுக்கத்தான் வந்தா. போகாம உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டா. ஏன்னு நானும் கேட்டேன்.” லிண்ட்னர் அம்மாள் வத்சலாவுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “‘அவங்களுக்குக் கேட்க வெட்கம். எனக்கு வெட்கம் இல்ல, நான் கேட்டுக்கறேன்’னு சொன்னா.”