ஒரு பெட்டி சோப்பு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கத்தரிக்கோல் இருந்ததாம். அது பேசும், நடக்கும், மாசமானால் சம்பளமும் வாங்கும்.

கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய கிடங்கு ஒன்றில், எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போடுகிறவள் அவள். வீண் சுற்று என்று தெரிந்தால் தயவு தாட்சண்யமே கிடையாது, வெட்டிவிடுவாள். டீசலும் மிச்சம், புகையும் மிச்சம். டிரைவர்கள் வைத்த பெயர்தான் கத்தரிக்கோல்.

அந்த வாரம் அவள் கண்ணில் பட்டது மலைமேல் இருந்த ஒரு குட்டிக் கடை. வாராவாரம் ஒரு பெட்டி துணி சோப்பு. ஒன்றே ஒன்று! அதை இறக்க ஒரு லாரி அத்தனை வளைவும் ஏறிவிட்டு, காலியாகத் திரும்பி வருகிறது.

"நேர்ல ஒரு தடவை பார்த்துட்டு வெட்டிடறேன் சார்," என்றாள் மேனேஜரிடம்.

லாரியில் அவள் ஏறி உட்கார்ந்ததுமே டிரைவரின் முகம் தொங்கிப்போயிற்று.

"மேடம், அந்தக் கடையை மட்டும் விட்டுடுங்க."

"ஏன்ணே? உங்களுக்கு நேரத்தோட வீடு போய்ச் சேர வேணாமா?"

"என் கதையை விடுங்க. அந்த வளைவுல ஏறி இறங்கினா எனக்கு இடுப்பே கழண்டுடும். ஆனா அந்த மனுஷனுக்கு யாருமில்ல மேடம். வெளிநாடு போன பையன் போனவன் போனவன்தான். நான் போனாத்தான் அவர் அடுப்பே பத்த வைப்பார். அந்தச் சமையலை வாயில வைக்க முடியாது. இருந்தாலும் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டு வருவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரொம்ப ரோஷக்காரர்."

"பாவம் புண்ணியத்துக்கெல்லாம் திட்டத்துல இடமில்லண்ணே."

மலை ஏறி முடிக்கிற வரை கியர்தான் புலம்பிக்கொண்டு வந்தது.

கடைக்காரப் பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாடா! இன்னிக்கும் லேட்டு. லாரியை ஓட்டிட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

"உங்க சமையல் ஞாபகம் வந்துது. கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு."

மூவருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். உப்பே இல்லை என்று டிரைவர் குறை சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டை மறுபடி நீட்டினார். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். உப்பு நிஜமாகவே இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு டிரைவர் டயரைத் தட்டிப் பார்க்க வெளியே போனார். இதுதான் சமயம் என்று அவள் தொண்டையைச் செருமினாள்.

"ஐயா, அடுத்த வாரத்திலேருந்து..."

"தெரியும்மா. வண்டியை நிறுத்தத்தானே வந்திருக்கே?" பெரியவர் எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தார். "முதல்ல இதைப் பாரு."

தரையிலிருந்து கூரை வரை சோப்புப் பெட்டிகள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஐயோ! விக்கவே இல்லையா?"

"இத்தனை சோப்புக்கு இந்த மலையில அழுக்குத் துணி ஏதும்மா? ஆர்டர் இல்லைன்னா உங்க கம்ப்யூட்டர் வண்டியை அனுப்பாதாமே, அதான். பெண்டாட்டி போனதிலேருந்து இவன் ஒழுங்காச் சாப்பிடறதில்ல. எனக்கென்னமோ தனியா இருந்தாத்தான் நிம்மதி. சமைக்கவும் வராது. என்ன பண்றது, இங்க உட்கார்ந்தாத்தான் அவன் வயிறு நிறையச் சாப்பிடறான்." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. ரொம்ப ரோஷக்காரன்."

அவள் பெட்டிகளைப் பார்த்தாள். அப்புறம் அந்த அறையின் நீள அகலத்தைப் பார்த்தாள். தொழில்புத்தி சும்மா இருக்குமா?

மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைகளில் சரக்கை இறக்கியபின் சேரும் காலிக் கூடைகளைப் பொறுக்கிவர மட்டுமே ஒரு வண்டி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்காரர்கள் எல்லாரும் இந்த வாசலைத் தாண்டித்தான் ஊருக்குள் போய்வருகிறார்கள்.

"ஐயா, அந்தப் பக்கத்துக் கடைக்காரங்க காலிக் கூடையையெல்லாம் இந்த ரூம்ல போட்டுட்டுப் போகட்டும். நம்ம அண்ணன் திரும்பும்போது ஏத்திட்டு வந்துடுவார். சோப்பைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கும். இனிமே நீங்க ஆர்டரே போட வேணாம். வாராவாரம் கூடைக்காக வண்டி வந்தே தீரும்."

பெரியவர் அவளையே பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியாம்மா?" என்றார்.

தட்டை நீட்டினாள்.

அடுத்த வாரம் மேனேஜர் அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

"கூடைத் திட்டம் பிரமாதம். ஒரு வண்டியோட சுற்றே மிச்சம். ஆனா இது என்ன கூத்து? சோப்பை எடுத்துட்டு வர இன்னொரு லாரியைக் காலியா மலைக்கு அனுப்பியிருக்கே! அதுவும் அந்த டிரைவர் லீவுல இருந்த நாளாப் பார்த்து! அவன் வண்டிதான் காலியாத் திரும்புமே, அதுல ஏத்தினா ஆகாதா?"

ஜன்னலுக்குக் கீழே லாரியைத் துடைத்தபடி டிரைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம்யா அந்தப் பெரியவர். நான் போகலைன்னா அடுப்பே எரியாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கவனிக்காம விட்டுட்டேன் சார்."

"யாரு, நீயா? வீண் சுற்றுன்னா பல்லைக் கடிக்கிற நீயா?" மேனேஜருக்கு நம்பவே முடியவில்லை. "கத்தரிக்கோல் மொண்ணையாப் போச்சு, போ!" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.