எட்டு நாற்பது மெசேஜ்

"சார், கோடிங்ல இந்த ஒரு லைனை எடுத்துடட்டுமா? ஏதோ டெஸ்ட்டுக்கு எழுதினது போல."

ஸ்நேகா கேட்டதும் ஜோஷ்வாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கூல் வேன் ஆப்பின் டீம் லீடாக அவருக்கு இன்று கடைசி நாள். ஆள்குறைப்புப் பட்டியலில் அவர் பெயரும் வந்துவிட்டது. நாளை முதல் எல்லாம் ஸ்நேகாவின் பொறுப்பு.

"அது இருக்கட்டும்மா."

"தினமும் காலைல எட்டு நாப்பதுக்கு ஒரே நம்பருக்குப் போகுது சார். 'கிருபா, மூன்றாம் வகுப்பு, பத்திரமாகப் பள்ளி வந்து சேர்ந்தாள்'னு. யார் சார் கிருபா?"

"என் பொண்ணு. நம்பர் என் ஒய்ஃபோடது."

"இதை எழுதி ஆறு வருஷமாச்சே சார்? இன்னும் மூணாவதுன்னே..." சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மூணாவதோட நின்னுட்டாம்மா. டெங்கு."

அடக்கம் முடிந்த மறுநாள், இந்த லைனை எடுக்க அவர் மறந்தே போயிருந்தார். மெசேஜ் போய்விட்டது. பதறியடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தால், மனைவி ஷீலா அழாமல் ஆப்பில் 'சரி' பட்டனை அழுத்தியிருந்தாள். அன்றுதான் அவருக்கும் பரிமாறி, தானும் நாலு வாய் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் 'சரி' அழுத்தவே, எடுக்க மனம் வரவில்லை. பெங்களூரிலிருந்து இரண்டு தடவை பெரிய வேலை தேடி வந்தது. போகவில்லை. போனால் அந்த லைனை யார் காப்பாற்றுவது? கூடச் சேர்ந்தவர்களெல்லாம் எங்கெங்கோ போய்விட, பாவி மனுஷன் குரோம்பேட்டை ஆபீசில் அதே நாற்காலியைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

"நான் விட்டு வைக்கிறேன் சார். யாருக்கும் தெரியாது," என்றாள் ஸ்நேகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம்மா. அடுத்த வாரம் ஆடிட் வருது. மாட்டினா உன் வேலைக்கு வேட்டு."

அவரே அழித்தார்.

மறுநாள் காலை. தாம்பரம் கேம்ப் ரோடு வீட்டில் ஷீலா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

எட்டு நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து.

ஜோஷ்வாவால் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஷீலா... இனிமே வராதும்மா. நானே எடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

ஷீலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

"எப்பங்க நிறுத்துவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் அதைப் பாக்கறப்போ எனக்கு உயிரே போயிடும். நான் 'சரி' அழுத்தலேன்னா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்கன்னுதாங்க அழுத்தினேன்."