கூரையில் காயும் மிளகு

எங்கள் ஊரான அலுவிகாரையின் வெயிலில் வீட்டுத் தகரக்கூரை கொதிக்கிறது. ஏணி உச்சியில் நான் நிற்கிறேன். கீழே நின்றபடியே சோலார் கம்பெனிக்கார ஜீவராஜ் வாப்பாவிடம் சொல்கிறார்: "பேனல ரோட்டுப் பக்கமே பூட்டுவோம் நானா, பாக்க எடுப்பா இருக்கும்." அவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போட வாப்பா பேனாவைத் திறக்கிறார். "தங்கச்சி, எறங்குங்க, விழுந்துடுவீங்க," என்கிறார் ஜீவராஜ் என்னிடம். டிகிரி முடித்தவளுக்கு ஏணி ஏறத் தெரியாதாம்! மூன்று நாளைக்கு முன் கூரையின் இரு பக்கமும் நான் சுளகில் பரப்பி வைத்த மிளகில் பக்கத்துக்கு ஒரு பிடி எடுத்து இறங்கி, அவருடைய படிவத்தின்மேலேயே இரண்டு குவியலாகக் கொட்டுகிறேன். ரோட்டுப் பக்கத்து மிளகு, பலாமர நிழலில் கிடந்ததால் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. வீட்டின் பின்னால், குசினிப் பக்கத்து மிளகு கறுத்துச் சுருங்கிக் கலகலக்கிறது. "வெயில் எங்க நிக்கிதுன்னு நீங்களே பாருங்க." வாப்பா ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடுகிறார். ஜீவராஜ் முதல்முறையாகக் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். ஏணியை நான் இறுக்கிப் பிடிக்கிறேன். "ஏறுங்க. விழுந்துடாதீங்க."