திண்டுக்கல் பூட்டு

ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்கிற விசாவில் இசக்கிராஜ் வெளிநாட்டில் வந்து இறங்கியிருந்தான். ஆப்பிள் பறிக்க வந்தவர்கள் தங்கும் விடுதியில் எந்த அலமாரிக்கும் பூட்டு இல்லை. மற்றவர்களின் கேமரா, பாஸ்போர்ட் எல்லாம் அப்படியே வெளியில் கிடந்தன. அதுவே அவனுக்குச் சரியாகப் படவில்லை. அக்கா கொடுத்தனுப்பியிருந்த திண்டுக்கல் பூட்டைத் தன் அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து மாட்டினான்.

“ஏல, நல்லா இழுத்துப் பாத்தியா?” என்றாள் அக்கா போனில்.

தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தான். கடற்கரை பார்க்கக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுத்தான். அடுத்த கட்டில் பிரெஞ்சுக்காரன் பூட்டைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு தன் கேமராவை மெல்லத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

மறுநாள் மாலை எல்லா அலமாரிகளிலும் புதுப் பூட்டு. ஒவ்வொருவரும் அவனைப் போலவே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

இசக்கிராஜ் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனில் குரலைத் தாழ்த்தினான்.

“நீ சொன்னது சரிதான்க்கா. இங்க களவாணிப்பய எவனோ இருக்கான்.”