விசில் அண்ணனின் களைக்கூடை

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கும் பதினான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு ஊது ஊதினார் விசில் அண்ணன்.

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. பொதுக் காய்கறித் தோட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த விசில்தான் அங்கே சட்டம்.

மலைக்குளிர் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. பாத்திகளில் தக்காளி நாற்று விரல் நீளத்துக்கு நின்றது.

"டெய்லரம்மா, படிங்க."

டெய்லரம்மா நோட்டைப் பார்த்துப் படித்தாள். "ஒன்பதாம் பாத்தி. நட்டது நாற்பது. இருக்கிறது பதினெட்டு."

"யாரோடது?"

"என்னோடதுதாண்ணே." நர்ஸ் முன்னால் வந்தாள். நைட் டியூட்டி பார்த்த சீருடை. முழங்காலில் மண்.

"மீதி எங்கம்மா?"

"வாடிப்போச்சுண்ணே."

"வாடினா குச்சியாவது நிக்கணுமே. வேரோட எழுந்து நடந்தா போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"சொல்ல வேணாம்னுதான் பார்த்தேன். அடுப்பு பத்தவைக்க அஞ்சு மணிக்கு இந்த வேலியோரமாத்தான் போறேன். போன சனிக்கிழமையும் சரி, இன்னிக்கும் சரி, இந்தப் பொண்ணு நாத்தைப் பிடுங்கி பேப்பர்ல சுருட்டிக்கிட்டிருந்துச்சு."

"இவ வீட்டு மாடியில தொட்டியெல்லாம் இருக்கு," என்றாள் டெய்லரம்மா.

விசில் அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தார். "பிடுங்கினியா, இல்லையா?"

"பிடுங்கினேன்."

"எங்கே கொண்டுபோனே?"

நர்ஸ் அவரைப் பார்த்தாள். பிறகு மண்ணைப் பார்த்தாள்.

அவருக்கு அது போதும். டிக்கெட் எடுக்காத எத்தனை பேரை இப்படித் தரையைப் பார்க்க வைத்திருக்கிறார்!

"இதோ ஏழாம் பாத்தி. என்னோடது. நாற்பதும் நிக்குதா இல்லையா டெய்லரம்மா?"

"நிக்குதுங்க."

"எப்படி நிக்குது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாம உட்கார்ந்து, ஒவ்வொரு களையா எடுக்கிறேன். உங்களை மாதிரி மேலாக்க மேயறதில்லை. விதி மூணு: நாத்தை எவன் அழிச்சாலும் பாத்தி போச்சு. வெளியில ஆறு பேர் பாத்திக்குக் காத்துக்கிட்டிருக்காங்க. ஒன்பதாம் பாத்தியை எடுத்துடலாம்னா கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"எத்தனைம்மா?"

"பதினொண்ணு."

ஆறு மாசம் காத்திருந்து நர்ஸ் வாங்கிய பாத்தி அது.

"எடுத்துக்குங்கண்ணே," என்றாள். "இன்னும் மூணு வாரம் மட்டும் விட்டுவையுங்க."

"அது என்ன மூணு வாரக் கணக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கெல்லாம் வாய்தா கிடையாது."

கூட்டம் முடிந்தது. நேற்றுச் சாயங்காலம் எடுத்த களைக்கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் உரக்குழிக்கு நடந்தார். ஒரு பிடி அள்ளிப் போட்டார். இன்னொரு பிடி. மூன்றாவதில் கை நின்றது.

விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் அள்ளிக் கசக்கினார், மறுபடி முகர்ந்தார்.

தக்காளி இலை. வேறெந்தச் செடிக்கும் அந்த வாசம் கிடையாது.

போட்டதையும் பொறுக்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஒற்றை ஊதல் ஊதினார். வண்டியை நிறுத்தச் சொல்கிற ஊதல்.

"டெய்லரம்மா, இதுல நாத்து எத்தனைன்னு எண்ணுங்க."

எண்ண எண்ண அவள் குரல் இறங்கியது. "பன்னிரண்டுங்க..."

"திருடனைப் பிடிச்சாச்சு."

"யாருண்ணே?" என்றார் பேக்கரிக்காரர்.

"நான்தான்யா. களை எது, நாத்து எதுன்னு எனக்குத் தெரியலை. ரெண்டு கண்ணுலயும் புரைன்னு ஜனவரியிலேயே சொல்லிட்டாங்க. அந்த ஆஸ்பத்திரியிலதான் இந்தப் பொண்ணு நர்ஸு. வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். ஏழாம் பாத்தியில நாற்பதும் எப்படி நிக்குதுன்னு இப்பத் தெரியுதா? நான் பிடுங்கின குழியிலெல்லாம் இவ நாத்துதான்."

பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"விதி மூணு எனக்கும்தான். ஏழாம் பாத்தி வரிசையில முதல் ஆளுக்கு. எழுதிக்குங்க டெய்லரம்மா."

"ஒன்பதாம் பாத்தியில களை எடுக்க ஆள் தேவைப்படும்ணே," என்றாள் நர்ஸ். "ஆனா இப்ப வேணாம். மூணு வாரம் கழிச்சு வாங்க."

அவர் இரண்டு முறை ஊதினார். வண்டி கிளம்பலாம்.

மூன்று வாரம் கழிந்து, மே பன்னிரண்டாம் தேதி காலை எட்டரை மணிக்கு விசில் அண்ணனுக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது.