காதுக்கு எட்டியது

"இதுக்கு அடிவயிறே இல்ல," என்றாள் அக்கா.

என் மடியில் இருந்த பேஸ் கிட்டாரைத்தான் சொன்னாள். குட்டைக் கழுத்து, மெல்லிய கம்பிகள், கைக்குழந்தையின் எடை. என் விரல்கள் அதன்மேல் தானாக ஓடின. அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

மாடிக் கடை. மதிய வெயில் மஞ்சள் திரையைத் தாண்டி வருவதற்குள் பாதி தூங்கிப்போயிருந்தது. சுவர் முழுக்க கிட்டார்கள் தொங்கின.

அக்கா இருபது வருடம் மேடைகளில் பேஸ் வாசித்தவள். பாட்டில் யாரும் கவனிக்காத அந்தக் கீழ்ச் சத்தம் அவளுடையது. "நான் நின்னாத்தான் நான் இருந்ததே தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான் தையல் கூடத்தில் காஜா எடுப்பவள். மூன்று மாதமாகத்தான் கற்றுக்கொள்கிறேன். அவளுடைய பழைய கிட்டாரின் கழுத்து எனக்கு ரொம்ப நீளம். எட்டி எட்டிப் பிடித்துச் சுண்டுவிரல் வீங்கி, வேலையில் துணியைப் பிடிக்க முடியாமல் போனது. அதனால்தான் இந்தக் கடை.

கடைக்காரர் நீளக் கழுத்துள்ள ஒன்றை இறக்கி, ஸ்பீக்கரோடு இணைத்தார். நான் மடியில் தாங்கிக்கொள்ள, அக்கா குனிந்து தடித்த கம்பியை ஒரே ஒரு முறை மீட்டினாள்.

முதலில் சத்தமே கேட்கவில்லை. முக்காலி அதிர்ந்தது. பிறகு என் விலா எலும்பு. பிறகு சுவரில் தொங்கிய கிட்டார்கள், யாரும் தொடாமலே, ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பவளின் முகம். அவளை அப்படிப் பார்த்து வெகு நாளாயிற்று.

நான் விரல்களை விரித்தேன். ஆள்காட்டி விரல் ஒரு ஊரில் இருந்தால், சுண்டுவிரல் போக வேண்டியது அடுத்த ஊருக்கு. மணிக்கட்டில் சுரீரென்றது.

அந்த முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். "இதையே வாங்கிடலாங்கா."

அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"வேணாம்."

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காதுக்கு எட்டினது கைக்கு எட்டல. அதானே? இருங்க."

உள்ளறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். கழுத்து குட்டைதான், ஆனால் உடம்பு தடித்தது. கம்பிகளில் சொரசொரப்பே இல்லை. தடவினால் ரிப்பன் போல வழுக்கின. முன்பு யாரோ வாசித்து வாசித்துப் பின்பக்கத்து வார்னிஷ் தேய்ந்திருந்தது.

அக்கா மீட்டினாள். இந்த முறை சுவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சத்தம் உருண்டு வந்து எங்கள் காலடியில் பூனை மாதிரி படுத்துக்கொண்டது.

நான் அழுத்திப் பார்த்தேன். எல்லா இடத்துக்கும் விரல் போனது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் கொஞ்சம் எக்க வேண்டியிருந்தது.

"முக்கால்வாசி இருக்கு," என்றாள் அக்கா.

"எனக்கும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஆளுக்கொரு பக்கம் தட்டிப் பாத்தா எப்படி? வாசிக்கப் போறது யாரோ, அவங்க உக்காந்து ஒரு பாட்ட வாசிச்சுப் பாருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். வெளி ஆள் முன்னால் நாங்கள் இதுவரை வாசித்ததில்லை.

அவளை முக்காலியில் உட்காரவைத்தேன். கிட்டாரை அவள் மடியில் வைத்து வாரைத் தோளில் மாட்டினேன். பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து அசையாத அவளுடைய இடது கையை எடுத்து, அவள் தொடைமேல் பத்திரமாக வைத்தேன். பிறகு இன்னொரு முக்காலியை இழுத்து அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, என் இடது கையை நீட்டிக் கிட்டாரின் கழுத்தைப் பிடித்தேன்.

மீட்டுவது அவள். அழுத்துவது நான்.

ஸ்பீக்கரின் குமிழைத் திருகப் போன கடைக்காரர் பாதியில் நின்றுவிட்டார்.

அக்காவின் முதுகு மூச்சில் ஏறி இறங்குவது என் நெஞ்சில் தெரிந்தது. அவள் விரல் முதல் ஸ்வரத்தைத் தொட்டது. பதற்றத்தில் நான் இரண்டாவதற்கு முந்திக்கொண்டு போய்விட்டேன்.

"ஓடாதடி," என்றாள். "நான் வந்துட்டுத்தான் இருக்கேன்."