கீழ்த்தாடை

"கீழ்வரிசைப் பல் அத்தனையும் போலி!"

அவள் இப்படிச் சொன்னதும் பொம்மைக் கடைக்காரரின் கை தன்னையறியாமல் வாய்க்குப் போனது. அவருடைய கீழ்வரிசையும் போலிதான். செய்து கொடுத்தவன், மருத்துவமனைகளுக்குப் பல்செட் செய்யும் அவள் கணவன்.

"உங்க பல்லைச் சொல்லலை அண்ணே. இதைச் சொல்றேன்" என்று, தன் வீட்டு மேஜை மேல் நின்ற, அவர் விற்ற டைனோசரின் தாடையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

சின்னச் சின்னக் கட்டைகளை மாட்டிச் செய்யும் டைனோசர் பொம்மை செட்களைத் தேடித் தேடி வாங்குவதும், பிரித்து, மாட்டி, வீடியோவில் விமர்சிப்பதும்தான் அவளுடைய உலகம். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவள் 'நல்லா இருக்கு' என்றால் கடைகளில் அந்தப் பெட்டி மிஞ்சாது. 'போலி' என்றால் விற்றவன் கடையைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த செட்டில் கீழ்த்தாடை மட்டும் பல்லோடு ஒரே துண்டாக வார்த்தது. ஒரே தடவை தயாரித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் அலமாரியில் பன்னிரண்டு வருஷமாக ஒன்று நிற்கிறது. யார் எங்கே வாங்கினாலும், அசலா போலியா என்று பார்க்க அந்தத் தாடைதான் உரைகல்.

"சீல் உடைக்காத பெட்டிம்மா" என்றார் கடைக்காரர். "இன்னொண்ணு கிடைச்சா எடுத்து வையுங்கன்னு நீதானே சொன்னே? நீதானே உன் கையால பிரிச்சே?"

"தாடையையே செய்யறவனுக்கு ஒரு சீல் ஒட்டத் தெரியாதா?"

இரண்டு தாடைகளையும் ஒவ்வொன்றாக நகைத் தராசில் வைத்தாள். "பாருங்க. என்னுது நாலு கிராம். உங்களுது மூணரை."

"தராசு தப்பா இருக்கும்."

"கண்ணுமா தப்பா இருக்கும்? என் செட்டுல மத்த வெள்ளைக் கட்டையெல்லாம் மஞ்சள் பூத்துப் போச்சு. தாடை மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு. உங்களுது பெட்டியை விட்டு வரும்போதே பழுப்பு. அசல்னா இப்படி இருக்கணும் அண்ணே!"

விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவருவதாக உள்ளே போன கணவன் வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றான்.

"அந்த அசலையும் என் கடையிலதானேம்மா வாங்கினே?" என்றார் கடைக்காரர்.

"அப்ப நேர்மையா இருந்தீங்க."

அவள் கையில் வேலையில்லாமல் இருந்த காலத்தில், "பெட்டியைப் பிரிச்சுக்கோ, வீடியோ எடுத்துக்கோ, அப்புறம் திருப்பி அடுக்கிக் குடு" என்று கடைக்குள்ளேயே இடம் கொடுத்தவர் அவர். வெளியாள் ஏமாற்றியிருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பாள். கூடப்பிறக்காத அண்ணன் செய்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பெட்டியை நானே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்றார் கடைசியில். "வீடியோ மட்டும் போடாதேம்மா. இருபத்தாறு வருஷக் கடை. எனக்கு அந்தப் பேரை விட்டா வேற ஒண்ணும் இல்லை."

"அதை முன்னாடியே நினைச்சிருக்கணும்."

"அவசரப்படாதே. நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றான் கணவன்.

"நீங்க சும்மா இருங்க. பல்லு உங்க வேலை. இது என் வேலை."



அவள் கடைக்காரரின் கண் எதிரிலேயே பொத்தானை அழுத்தினாள். கடையின் பெயர், பெட்டியின் படம், இரண்டு தாடைகளின் எடை எல்லாம் சேர்ந்து வீடியோ போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை தாண்டுவதற்குள் அவருடைய போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

அரை மணி நேரத்தில் கருத்துகள் குவிந்தன. 'திருட்டுக் கடை', 'இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டோம்', 'அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.' ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லாமல் உடைந்து அழுதாள்.

"பன்னெண்டு வருஷமா வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட்டேனே! நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாரே!"

கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்த வீடியோவை எடுத்துடு."

"ஏன், அவருக்குப் பரிஞ்சு பேசறீங்களா?"

"கல்யாணமான புதுசுல ஒருநாள், நீ வெளியே போயிருந்தப்ப, அலமாரியைத் தூசி தட்டினேன். உன் டைனோசர் கை தவறிக் கீழே விழுந்துடுச்சு."

"விழுந்தா விழட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அலமாரியில இருக்கற தாடை நான் செஞ்சது."